நண்பன் பேரையும் எழுதுங்கோ

"போனை மேசையிலை வையுங்கோ அண்ணை. சத்தத்தையும் கூட்டி விடுங்கோ."

அந்தப் பெண் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வணக்கம்கூட அதற்கப்புறம்தான் சொன்னாள். துபாயில் ஒரு வக்கீல் ஆபீஸின் கடைசி அறை அது. கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டுக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் இவளிடம் மூன்று தடவை உட்கார்ந்து பேச வேண்டும், அதுவரை வக்கீல் மனுவைத் தொட மாட்டார் என்பது அந்த ஆபீஸின் நிபந்தனை. யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிட வயதில் சிறியவள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இந்த ஊரில் நான் யாரையாவது எழுந்து நின்று கும்பிடுவேன் என்றால் அது அவளைத்தான்.

என் வீட்டுக்காரர் போனை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த போன் சைலண்டில்தான் கிடந்தது. அதன் ரிங்டோன் எப்படி இருக்கும் என்பதே எங்கள் வீட்டில் மறந்துபோயிருந்தது. இரண்டு தடவை சிம் மாற்றிப் பார்த்தார். பேங்க்காரர்கள் அதையும் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"எடுங்கோ."

"பேங்க்காரன் மேடம்."

"வேறை ஆர் கூப்பிடப் போகினம்? எடுத்து, இப்ப என்னாலை கட்ட ஏலாது, கோட்டிலை மனுப் போடுறதுக்கு ஆலோசனை எடுத்துக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. கெஞ்ச வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம்."

அவர் எடுத்தார். ஹிந்தியில் தட்டுத்தடுமாறி அவள் சொன்னதையே சொன்னார். அந்தப் பக்கம் கத்த ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னான். அப்புறம், "அச்சா பாய், நோட் பண்ணிக்கிறேன்" என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஒரு வருஷமாக எங்கள் சோற்றையும் தூக்கத்தையும் தின்ற பயம் ஒரு 'அச்சா பாய்' அளவுக்குத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு அப்போது வந்தது நன்றி இல்லை, கோபம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஃபீஸ் கட்டி, லீவு போட்டு, ஷார்ஜாவிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து வந்தால், இவள் என் புருஷனைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பாடம் ஒப்பிக்க வைக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று திரும்பும்போது பார்க்கிங்கில் இன்னொரு அழைப்பு வந்தது. அவர் தானாகவே எடுத்துப் பேசினார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

நாங்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். அவர் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏசி மெக்கானிக்காக இங்கே வந்தவர். தொழிலாளர் கேம்பில் இருந்தார், ரூமுக்கு மாறினார், சூப்பர்வைசர் ஆனார், என்னைக் கூட்டி வந்தார். அப்புறம் சொந்தமாக லைசென்ஸ் எடுத்து, ஏழெட்டு ஆட்களை வைத்து ஏசி மெயின்டெனன்ஸ் கம்பெனி ஆரம்பித்தார். ஒரு பெரிய வேலை கிடைத்தது. வேலையை வாங்கிக்கொண்ட மெயின் காண்ட்ராக்டர் பணத்தைக் கொடுக்கவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்றார்கள். கடைசியில் அந்த ஆபீஸே பூட்டிக் கிடந்தது.

அந்த நேரத்தில் வேறு ஒருவராக இருந்தால் ஆட்களின் சம்பளத்தை நிறுத்தியிருப்பார். இவர் பெர்சனல் லோன் போட்டார், கிரெடிட் கார்டு தேய்த்தார், இன்னொரு கார்டு வாங்கித் தேய்த்தார், எல்லாருக்கும் கடைசி மாதச் சம்பளம்வரை கொடுத்து டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டுக் கம்பெனியை மூடினார். "அவனுங்க என்னை நம்பி வந்தவனுங்கடி" என்பார். நம்பி வந்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்று நான் ஞாபகப்படுத்தினால் பதிலே வராது. மறுபடியும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். வருகிற சம்பளம் வட்டிக்கே காணவில்லை.

எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "லீவுல போற மாதிரி போயிடு. காரை ஏர்போர்ட்ல விட்டுடு. கலாஸ், கதை முடிஞ்சுது." நிறையப் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், பெட்டிகூட எடுத்து வைத்தேன். அவர் கேட்கவில்லை. வாங்கினதைக் கட்டாமல் ஓடினான் என்று யாரும் சொல்லக் கூடாது என்றார். யோசித்துக்கொண்டே இருந்ததில் ஒரு பேங்க் கேஸ் போட்டு, டிராவல் பேனும் வந்துவிட்டது. இனி ஓடவும் முடியாது.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கே கூட வேலை பார்க்கிற ஒருத்திதான், இந்த நாட்டில் தனி ஆட்கள் கடனைக் கட்ட முடியாவிட்டால் கோர்ட்டுக்கே போய்ச் சொல்லலாம் என்றும், கோர்ட் ஒரு நிபுணரைப் போட்டுக் கடன் கொடுத்தவர்களோடு பேசி, முடிந்த அளவுக்கு மாதாமாதம் கட்டத் திட்டம் போட்டுத் தரும் என்றும் சொன்னாள். மனு ஏற்கப்பட்டால் நாங்கள் மூன்று பேரும், அதாவது நான், அவர், பத்து வயது மகள், ஒரே வீட்டில் இருக்கலாம். ஏற்கப்படாவிட்டால் வாடகை கட்ட வழியில்லை. நானும் மகளும் ஊருக்குப் போய்விட வேண்டும், அவர் பலபேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் கிடைக்கிற பெட் ஸ்பேஸில் தனியாகக் கிடந்து, எப்போது கடன் தீருமோ அப்போதுதான் வர முடியும். மகள் அதைக் கேட்டுவிட்டு "How long?" என்றாள்.

அதனால்தான் அந்தக் கடைசி அறைக்குப் போனோம்.

முதல் தடவையே வீட்டுச் செலவை என்னிடம் கேட்டாள். அவரைப் பேசவே விடவில்லை. நானும் தயாராகத்தான் போயிருந்தேன். நாம் எவ்வளவுக்கெவ்வளவு வயிற்றைக் கட்டுகிறோமோ, கோர்ட் அவ்வளவுக்கவ்வளவு மகிழ்ந்துபோகும் என்பது என் கணக்கு. அரிசி, பருப்பு, பால், கொஞ்சம் காய்கறி என்று சொல்லி நிறுத்தினேன்.

"அக்கா, இதிலை மீனே இல்லையே."

"நாங்க சைவமா மாறிட்டோம்."

என் வீட்டுக்காரர் அதிர்ச்சியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப இருந்து?" என்று அவரே கேட்டார்.

"நேத்துல இருந்து" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டுத் தன் கையாலேயே மீனைச் சேர்த்தாள். மகளுக்கு ஷூ சேர்த்தாள். அவருக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதை அவர் கண்ணைச் சுருக்கியதிலிருந்தே கண்டுபிடித்து அதையும் சேர்த்தாள். பல்வலிக்கு ஒரு தொகை, பிறந்தநாளுக்கு ஒரு தொகை. நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவள் கூட்டிக்கொண்டே போகிறாள். காய்கறிக் கடையில் பேரம் பேசுவதைத் தலைகீழாகப் பார்த்ததுபோல இருந்தது.

"அக்கா, கோட்டு போடுற நிபுணர் உந்தக் கணக்கைப் பாத்தால் ரெண்டு மாதத்திலை உடையிற திட்டம் எண்டு அவருக்கு உடனை விளங்கும். நீங்கள் வருசக்கணக்கா இதுக்குள்ளை சீவிக்கோணும். தவம் இருக்க இல்லை. உண்மையான கணக்குத்தான் நிக்கும்."

கடன்பட்டவர்களைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள்கூட எங்கள் வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜைத்தான் முதலில் நோட்டம் விடுவார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு போனோம். எங்கள் சைவம் ஒரே நாளில் முடிந்தது.

இரண்டாவது தடவை, யார் யாருக்குத் தர வேண்டும் என்று கேட்டாள். பேங்க்குகள், கார்டுகள், கார் லோன், பழைய ஆபீஸ் வாடகை எல்லாம் சொன்னார்.

"வேறை?"

"இல்ல மேடம்."

"கைமாத்து? சிநேகிதர், சொந்தக்காரர்?"

"இல்ல."

"ஊரிலை? பக்கத்து நாடுகளிலை?"

"இல்லைங்க."

அவள் பட்டியலை மூடி வைத்தாள். அப்புறம் நிதானமாக விளக்கினாள். கோர்ட்டில் கொடுக்கும்போது கடன் கொடுத்த ஒருவர்கூட விடுபடக் கூடாது. பேங்க்கும் ஒன்றுதான், கூடப் படித்தவனும் ஒன்றுதான். ஒருவரை மறைத்து அவருக்கு மட்டும் ரகசியமாகக் கட்டினால், மற்றவர்களின் பங்கை எடுத்து அவருக்குக் கொடுத்ததாக ஆகும். அது வெளியே வந்தால் மனுவே விழுந்துவிடும். "அடுத்த முறை கையெழுத்து அண்ணை. அதுக்கு முன்னம் வடிவா யோசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பினாள்.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். ஏனென்றால் ஒருவர் இருந்தார்.

ஓமானில் சோஹாரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரின் நண்பர். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். ஒரே ஏஜென்ட்டிடம் பணம் கட்டி வந்து ஆளுக்கொரு நாட்டில் விழுந்தவர்கள். ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்பார்கள். என்னைத் 'தங்கச்சி' என்பார், நான் 'அண்ணே' என்பேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் ஃபோர்மேன். எங்கள் கம்பெனி தள்ளாடிய நேரத்தில் இவர் கேட்காமலேயே, அவர் அங்கே தன் சம்பளத்தின் பேரில் பேங்க் லோன் போட்டு மொத்தத்தையும் அனுப்பிவிட்டார். நாங்கள் மாதாமாதம் அந்தத் தவணையை அனுப்புவது என்று வாய்ப்பேச்சு. பல மாதம் அனுப்பினோம், சில மாதம் முடியவில்லை. முடியாத மாதங்களில் அண்ணன் கேட்டதே இல்லை.

"அவன் பேரை கோர்ட்ல எழுதச் சொல்றியா? பேங்க்காரனுங்க வரிசையில அவனை நிறுத்தவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எழுதலன்னா மனு விழுந்துரும்னு அவ சொன்னது காதுல விழுகலையா? மாசாமாசம் அண்ணனுக்கு எதுல இருந்து அனுப்புவீங்க?"

ரேடியோவை அணைத்தார். அப்புறம் சொன்னார்: "அந்தப் பொண்ணு மீனுக்குன்னு ஒண்ணு போட்டுச்சுல்ல, அதுல இருந்து."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடுரோட்டில் இறங்கிவிடலாம் போல இருந்தது. என் மகளின் தட்டில் மீன் வைக்க அந்தப் பெண் வாதாடி வாங்கிக் கொடுத்ததை, இந்த மனுஷன் அதற்குள் சோஹாருக்கு அனுப்பத் திட்டம் போட்டுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதா இல்லையா என்பதையே பணயம் வைக்கிறார். திட்டித் தீர்த்தேன். ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். திட்டிக்கொண்டிருக்கும்போதே, சினேகிதனை இப்படி மனசில் வைத்திருக்கிற ஆளைத்தான் நான் கட்டியிருக்கிறேன் என்ற பெருமையும் கூடவே இருந்தது. அது என் திட்டை இன்னும் அதிகமாக்கியது.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. பேங்க் கடனை எழுதுவோம், நம்ம ஆள் கடனை எழுத மாட்டோம். எழுதினால் அவனை அவமானப்படுத்தியதாக நினைப்போம். எழுதாமல் விட்டால் அவனுக்கு என்ன ஆகும் என்று நினைக்க மாட்டோம்.

மூன்றாவது தடவை, எல்லாம் தயாராக இருந்தது. இவர்களைத் தவிர வேறு யாருக்கும் நான் தர வேண்டியதில்லை என்ற வரியை அவள் தமிழில் வாசித்துச் சொல்லி, பேனாவை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கத்துவேன் என்று தெரியும். அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார். அப்புறம் மேசையில் வைத்துவிட்டார்.

"ஒருத்தன் இருக்கான் மேடம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரால் கடைசிவரை பொய்யில் கையெழுத்துப் போட முடியவில்லை. அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அவள் "அப்பாடா" என்றும் சொல்லவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "நீங்கள் கோட்டுக்குப் போறது அவருக்குத் தெரியுமோ?" என்றாள்.

"தெரியாது."

"எழுத முன்னம் நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்லமாட்டன். அவர் கடிதத்திலை அறியக் கூடாது."

டிராவல் பேன் இருப்பதால் இவர் பார்டரைத் தாண்ட முடியாது. "ஒரு விஷயம் பேசணும் மாப்ள" என்று மட்டும் போனில் சொன்னார். அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி ஓமான் அல்வா. என்ன ஏது என்று கேட்காமல், மகளைத் தூக்கப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இனிமே நீதான் என்னைத் தூக்கணும்" என்றார்.

நான் மீன் குழம்பு வைத்து, வறுவலும் போட்டிருந்தேன். தட்டு வைக்கும் முன்பாகவே இவர் சொல்லிவிட்டார். எங்கெங்கோ சுற்றி, ஏசி கம்பெனி, காண்ட்ராக்டர், கோர்ட் மனு எல்லாம் போய், கடைசியில், "உன் பேரையும் எழுதணும் மாப்ள" என்றார்.

அண்ணன் முகம் மாறியது. "நான் என்ன பேங்க்காடா?" என்றார்.

"இல்லடா..."

"உன்கிட்ட நான் என்னைக்காவது கேட்டேனா? அந்த சூட்டு கோட்டு போட்டவனுங்க பக்கத்துல என்னையும் கொண்டுபோய் உட்கார வைக்கிறியா? ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? சினேகிதனைக் கோர்ட்டுக்கு இழுத்தவன்னு என்னைச் சொல்லுவாங்கடா!"

சாப்பிடாமல் எழுந்துவிட்டார். குழம்பு ஆறிப்போனது. வாசல்வரை போனவர் திரும்பி, "தங்கச்சி, அந்த ஆபீஸ் எங்க இருக்கு? எழுதச் சொன்ன அந்தம்மாவ நான் பாக்கணும்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. கூட்டிக்கொண்டு போனோம். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "மேடம், இவன் எனக்கு ஒத்தப் பைசா தர வேண்டாம். அப்படின்னு எழுதிக்கோங்க. என் பேர் வேண்டாம். வேலை முடிஞ்சுது, யல்லா, கெளம்பலாம்" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணில் கண்ணீர் கட்டிக்கொண்டது. எனக்கும்தான். இவ்வளவு பெரிய மனசா என்று நான் உருகிக்கொண்டிருந்தேன்.

அவள் உருகவில்லை.

"நல்லது அண்ணை. அப்ப உங்கடை லோன் முடிஞ்சுதோ?"

"இல்ல. ஓடிக்கிட்டிருக்கு."

"இனி ஆர் கட்டுறது?"

"நான் கட்டிக்கிறேன்."

"எதிலை இருந்து?"

அண்ணன் அவளை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். அவள் என்னிடம் கேட்ட அதே கேள்விகளை அவரிடமும் கேட்டாள். ரூமுக்கு எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள். அவரும் என்னைப் போலவே எல்லாவற்றையும் குறைத்துக் குறைத்துச் சொன்னார். அவள் விடவில்லை.

"கடைசியா ஊருக்கு எப்ப போனீங்கள்?"

அண்ணன் மேலே ஏசியைப் பார்த்தார். "லீவு கெடைக்கல."

"பொய் சொல்லாதடா" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க கம்பெனியில வருஷா வருஷம் லீவும் டிக்கெட்டும் உண்டே."

"காசா வாங்கிக்கிட்டேன்."

"எதுக்கு?"

அதை அண்ணன் சொல்ல வேண்டியதே இல்லை. நாங்கள் அனுப்பாத மாதங்களின் தவணைக்கு அந்தக் காசைத்தான் கட்டியிருக்கிறார். இரண்டு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்காததைப் பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்காமல் இருப்பதற்கு அவர் கொடுத்த விலை இது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கம்பெனி மூடிய நாளில்கூட அவர் அப்படி அழவில்லை.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து அண்ணன் முன்னால் ஒரு கிளாஸும், இவர் முன்னால் ஒரு கிளாஸும் வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"ரெண்டு பேரும் நல்ல மனுசர். அதாலைதான் ரெண்டு பேரும் பொய் சொல்லுறியள். இவர் குடுக்க ஏலாததைக் குடுப்பன் எண்டு சொல்லுறார். நீங்கள் தேவையான காசை வேண்டாம் எண்டு சொல்லுறியள். இப்பிடியே போனால் ரெண்டு குடும்பம் விழும். நண்பன் பேரையும் எழுதுங்கோ. கொஞ்சமா வந்தாலும் மாதாமாதம் வரும். அதைக் காட்டி, உங்கடை பேங்கிலையும் தவணையை நீட்டிக் கேக்கலாம்."

அண்ணன் தண்ணீரைக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "எழுதுங்க" என்றார். "முழுசா எழுதுங்க. அஞ்சு பைசா குறைக்காதீங்க."

அன்று மத்தியானம் முந்தின நாள் மீன் குழம்பைச் சுடவைத்து எல்லாரும் சாப்பிட்டோம். பழைய குழம்புதான் ருசி என்று அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

மனு போனது. கோர்ட் நியமித்த நிபுணர் வயதான அரபு மனிதர், கடுமையான முகம். கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்ட நாளில், பேங்க் ஆட்கள் மடிப்புக் கலையாத சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சோஹாரிலிருந்து மறுபடி பஸ்ஸில் வந்திருந்தார். அயர்ன் பண்ணின சட்டை, காலில் சைட்டுக்குப் போடுகிற சேஃப்டி ஷூ. வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் யாழ்ப்பாணத்துக்காரி வக்கீலின் பின்னால் இருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு பேங்க் ஆள் அண்ணனைக் காட்டி, "இது உண்மையான கடனா? எங்கள் பங்கைக் குறைக்க நண்பரைக் கூட்டி வந்திருக்கலாமே" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, அப்படியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிபுணர் இதை நம்பிவிட்டால் எங்களின் மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவார். எங்கள் வீடு அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிபுணர் அண்ணனைப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் தமிழும் தெரிந்த ஒரு மலையாளி. "நீங்க இவருக்கு யாருன்னு கேக்கறார்" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். "பேங்க்ல இருந்து நான் அனுப்புனதுக்கு ரசீது இருக்கு சார், பாத்துக்கோங்க. நான் இவனுக்குக் கடன் குடுத்தவன். இங்க உட்கார்ந்திருக்கிற மத்தவங்களை மாதிரிதான். சினேகிதனா மட்டும் இருந்தா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். சொல்லியும் பாத்தேன், அந்தம்மா விடல. எனக்கும் வீடு இருக்கு. என் பங்கு எனக்கு வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு சாப்பாடு மட்டும் இவன் வீட்லதான். அதையும் எழுதணும்னா எழுதிக்கோங்க" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் கடைசி வரியையும் விடாமல் சொன்னார். நிபுணரின் கடுமையான முகம் ஒரு நிமிஷம் சிரித்தது. ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தார், கேள்வி கேட்ட பேங்க் ஆளிடம் நீட்டினார். அந்த ஆள் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அங்கேயே உடைந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

சில வாரங்களில் திட்டத்துக்குக் கோர்ட் ஒப்புதல் வந்தது. நான் மகளிடம்தான் முதலில் சொன்னேன். "So we are staying?" என்றாள். ஆமாம் என்றேன். "All of us?" எல்லாரும் என்றேன். அவள் தன் பாட்டுக்கு ஹோம்வொர்க்கைத் தொடர்ந்தாள், நான்தான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

நன்றி சொல்ல யாழ்ப்பாணத்துக்காரியிடம் இனிப்போடு போனோம். வாங்கிக்கொண்டாள், ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள், "சந்தோசம். இனி என்னட்டை வராதேங்கோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. லிஃப்ட்டில் இறங்கும்போதுதான் அது அவள் தருகிற ஆசீர்வாதம் என்று புரிந்தது. அவளைப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசைதான்.

திட்டப்படி முதல் சில தவணைகள் சோஹாருக்கும் போய்ச் சேர்ந்தன. அண்ணன் தன் பேங்க்கில் பேசித் தவணையை நீட்டிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு நாள் மாலை, ஊரிலிருந்து என் போனுக்கு ஓர் அழைப்பு. அண்ணனின் மனைவி. எங்கள் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, எனக்கு அவர் போன் செய்ததே இல்லை.

"மதினி, நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"நல்லாருக்கேம்மா. ஒண்ணு சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். ரெண்டு வருஷமா உன்னையும் உன் புருஷனையும் நெதம் திட்டிக்கிட்டே இருந்தேன். என் வாய்ல என்னென்ன வந்துச்சுன்னு சொன்னா நீ தாங்க மாட்ட."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் பிள்ளைகளின் சத்தமும், யாரோ ஓர் ஆண் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"உங்கண்ணன் இன்னைக்குக் காலையில வீட்டுக்கு வந்துட்டாரும்மா" என்றார். "இன்னையோட திட்டுறத நிறுத்திட்டேன்."